கால் அகற்றாத கன்டாம்: 1980ஆம் ஆண்டின் வார்ப்பு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

பெட்டியில் உள்ள வழிகாட்டித் தாளின்படி ஒட்டி முடித்தால், பண்டாய் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ‘பெஸ்ட் மெக்கா கலெக்‌ஷன்’ வரிசையைச் சேர்ந்த 1/144 அளவு கன்டாம் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் மனித வடிவப் பேரியந்திரத்தின் பிளாஸ்டிக் மாடல்), பாடசாலைக் காலைக் கூட்டத்தில் விறைத்து நிற்கும் மாணவத் தலைவனைப் போல இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கும். காலை அகற்ற முடியாது, இடுப்பைத் திருப்ப முடியாது, பாதத்தைப் பக்கவாட்டில் சரிக்கவும் முடியாது. குறைகளிலிருந்தே தொடங்குவதற்குக் காரணம் உண்டு: இதை வாங்குபவர் அவற்றை வெட்டித் திருத்தும் எண்ணத்தோடு வாங்கினால் மட்டுமே கொடுத்த காசுக்குப் பயன் கிடைக்கும். விளையாட்டுப் பொருளாக இதைப் புகழ என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் வெட்டவும் தேய்க்கவும் ஒட்டவும் நிறம் பூசவும் ஏற்ற ஒரு மூலப்பொருளாகப் பார்த்தால், மட்டக்களப்பில், கல்லடியின் உப்புக் காற்றில் ஒரு மாரியும், வறண்ட காற்று வீசும் ஒரு கச்சான் காலமும் இதனோடு மல்லுக்கட்டிய பிறகும், இந்த விலையில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை.

இதன் குறைகளுக்கு வயது ஒரு காரணம், விலை மற்றொரு காரணம். கன்டாம் தொலைக்காட்சித் தொடர் 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் தொடங்கியது. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டிருந்தும், எதிர்பார்த்த வரவேற்பு இல்லாமல், 1980 ஜனவரியில் 43ஆம் பகுதியோடு முடித்துக்கொள்ளப்பட்டது. இயக்குநர் தொமினோ யொஷியுகி. இயந்திரங்களை வரைந்தவர் ஒகவாரா குனியோ. தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்து, 1980 ஜூலையில், பண்டாய் இந்த மாடலை 300 யென்னுக்கு வெளியிட்டது. சிறுவர்கள் கைச்செலவுக் காசில் வாங்கட்டும் என்று கணக்குப் போட்ட விலை அது. அந்த விலைக்குள் அடங்க வேண்டியிருந்ததால் பிளாஸ்டிக் ஒரே வெள்ளை நிறம், மூட்டுகள் மிகக் குறைவு, தலையும் கைகளும் கால்களும் இரண்டிரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டவை. மறு ஒளிபரப்புகளும் இந்த மாடலும் சேர்ந்துதான் கைவிடப்பட்ட அந்தத் தொடரைத் தூக்கி நிறுத்தின என்பதை அறிந்த பின்னர், அதன் விறைத்த கால்கள் மீது எனக்கிருந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

இன்று கடைகளில் கிடைப்பது அதே வார்ப்பின் மறுபதிப்பாகும். புதிதாகத் தொடங்குபவர் ஒருவர், இதே இயந்திரத்தை, பசையும் வெட்டுக்கருவியும் நிறமும் வேண்டாமலே கையால் பிடுங்கிப் பொருத்தி முடிக்க விரும்பினால், 2020இல் வந்த ‘என்ட்ரி கிரேட்’ பதிப்பை வாங்கலாம். அது நிறங்கள் பிரித்து வார்க்கப்பட்டது, முழங்காலை நன்றாக மடிக்கிறது, ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. மாலையோடு முடிந்துவிடுவதுதான் எனக்கு அதில் பிடிக்காதது. பழைய மாடலின் விலை குறைவு என்றாலும், மட்டக்களப்புக்கு வந்து சேர்வதற்குள் அனுப்பும் கூலி மாடலின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வாங்கிய இணையக் கடை, பெட்டியைக் குமிழி உறையில்கூடச் சுற்றாமல் அனுப்பியதால் ஒரு மூலை நசுங்கியே கைக்கு வந்தது. உள்ளே இருந்த பாகங்களுக்கு எதுவும் ஆகவில்லை. பெட்டியின் ஓவியத்துக்காகச் சேர்ப்பவர்கள் முன்கூட்டியே கேட்டு எழுதுவது நல்லது.

பாகங்கள் எல்லாம் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இம்மாடலின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது. மாடல் பசை, தமியா நிறுவனத்தின் பச்சை மூடிப் போத்தலில் வருவது போன்ற நீர்த்த பசை, பொலிஸ்டைரீனை உருக்கி இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்த பின் அங்கே பசை என்று தனியாக எதுவும் இருப்பதில்லை, பிளாஸ்டிக்கே பிளாஸ்டிக்கோடு கலந்து நிற்கிறது. தவறாக வெட்டிய இடத்தை மீண்டும் நிரப்பித் தேய்த்துச் சரியாக்கலாம் என்பதால் கை நடுங்காமல் வெட்டத் துணிவு வருகிறது. பாகங்கள் கோத்திருந்த சட்டத்தை, அதாவது ரன்னரை, பொடியாக நறுக்கி அந்தப் பசையிலேயே ஊறவைத்தால் ஒரு நாளில் குழம்பு போலாகி, இடைவெளி நிரப்பும் மாப்பசையாகிவிடுகிறது; அதன் நிறமும் மாடலின் நிறமே. தனியாக வாங்க வேண்டியது பசை ஒன்றுதான்.

இதற்கு மேலதிகமான பிளாஸ்டிக் தகட்டுக்கு நான் கொழும்புக்கு எழுதவில்லை. வீட்டில் தின்று முடித்த யோகட் கோப்பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அதுவும் பொலிஸ்டைரீன்தான், இதே பசை அதையும் பிடிக்கும். 5 என்று இருந்தால் அது பொலிப்ரொப்பிலீன், எந்த மாடல் பசையும் அதில் ஒட்டாது. கண்ணாடி போன்ற கூடுள்ள மலிவான குமிழ்முனைப் பேனைகளின் கூடும் பெரும்பாலும் பொலிஸ்டைரீனே. உள்ளே இருக்கும் மைக்குழாய் பசை பிடிக்காத இனம். எது ஒட்டும், எது ஒட்டாது என்ற இந்தச் சிறிய அறிவு, பெட்டியோடு வரும் வழிகாட்டித் தாளைவிட எனக்கு அதிகம் உதவியது.

மாற்றியமைக்கும் வேலையை இடுப்பில் தொடங்கினேன். உடலின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, வயிற்றின் கீழ்விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒன்றை நேர்கோடாக இழுத்து, கத்தியின் முதுகால் அந்த நாடாவை ஒட்டிக் கீறிக் கீறியே உடலை இரண்டாக்கினேன். ஹெக்ஸோ பிளேட்டால் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அதன் பல் செல்லும் தடத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தூளாகிப்போகும், இந்த அளவில் அது வயிற்றில் ஒரு பெரும் பங்கு. வெட்டிய இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ரன்னரின் உருண்டைத் துண்டு ஒன்றை அச்சாக நட்டு, அதைச் சுற்றிப் பேனைக் கூட்டிலிருந்து அறுத்த வளையத்தைப் பொருத்தினேன். அச்சு தளர்வாக ஆடியது. அதன்மேல் சுப்பர் குளூ ஒரு துளி தடவி முழுதாகக் காயவிட்ட பிறகு, திருப்பினால் திரும்பி விட்ட இடத்தில் நிற்கும் அளவுக்கு இறுகியது.

இடுப்புக் கவசம் இடுப்போடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால், கால் அகலாததற்கு அதுவே முதற் குற்றவாளி. அதைத் துண்டுகளாக வெட்டி எடுத்து, உட்புறத்தை மெல்லியதாகத் தேய்த்து, கொஞ்சம் வெளியே விரித்து மீண்டும் ஒட்டினேன். தொடையின் மேல்முனையைச் சாய்வாகத் தேய்த்து, வீட்டு மின்விளக்குக்கு இழுக்கும் வயரின் 1.13 மில்லிமீற்றர் செம்புக் கம்பியை வளைத்து உள்ளே செலுத்தினேன். கணுக்காலிலும் அதே கம்பிதான். ஜப்பானில் இந்தப் பழைய மாடலைத் திருத்துகிறவர்கள் எட்டைக் குறிக்கும் தங்கள் எழுத்தின் வடிவில், அதாவது மேலே ஒடுங்கிக் கீழே விரியும் இரண்டு கோடுகளைப் போல, கால் அகற்றி நிற்கவைப்பதையே முதல் இலக்காகக் கொள்வார்கள். செய்து பார்த்தபோதுதான் அதன் நியாயம் விளங்கியது: கால்கள் கொஞ்சம் அகன்று பாதம் முழுவதும் தரையில் படிந்த அந்தக் கணத்தில், ஒரு பொம்மை நின்ற இடத்தில் பாரம் உள்ள ஓர் இயந்திரம் நின்றது.

மூட்டுகள் எல்லாம் அசைய வேண்டும் என்ற ஆசையை நான் பாதி வழியில் கைவிட்டேன். அலுமாரியில் நிற்கப்போகும் ஒன்றுக்கு முழங்கால் தொண்ணூறு பாகை மடிய வேண்டிய தேவை என்ன என்று கேட்டுப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. இடுப்பும் கழுத்தும் மட்டும் திரும்பும். கால்கள் கம்பியை வளைத்த நிலையிலேயே ஒட்டப்பட்டுவிட்டன. தலையில் உள்ள கொம்பு வார்ப்பில் தடித்து மழுங்கி இருந்ததால், அதைப் பின்புறமாக அரத்தால் தேய்த்துக் கூர்மையாக்கினேன். ஒரு பக்கம் முறிந்தது. யோகட் கோப்பைத் துண்டு அதற்கும் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தலையைப் பார்த்து வடமோடிக் கூத்து ராசாவின் கிரீடம் என்றார்கள். பூசி முடிக்கும்வரை எனக்கும் வேறு மாதிரித் தோன்றவில்லை.

இரண்டு பாதிகள் சேரும் கோட்டைத் தேய்த்து மறைப்பதுதான் இம்மாடலில் அதிக நேரம் தின்னும் வேலை. வாகனப் பெயின்ட் அடிப்பவர்கள் பாவிக்கும் வோட்டர் பேப்பர் என்ற தேய்ப்புத்தாள், 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 800 கடந்து 1000 வரை, எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும். பசை முழுதாகக் காயாமல் தேய்த்தால் சில வாரம் கழித்து அந்தக் கோடு மெல்லப் பள்ளமாகி மீண்டும் தெரியும். என் கன்டாமின் இடது முழங்கைக்கு மேலே அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. பொறுமையில்லாத ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளின் ஞாபகமாக அதை விட்டுவைத்திருக்கிறேன். சுப்பர் குளூவோடு முகப் பவுடரைக் குழைத்து நிரப்புவதும் உண்டு, ஆனால் அது நாள் செல்லச் செல்லச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடுவதால், சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் அளவைப் பற்றிய ஒரு கணக்கு. கதையின்படி கன்டாம் 18 மீற்றர் உயரம். 144ஆல் வகுத்தால் 12.5 சென்ரிமீற்றர். எங்கள் பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீற்றர். அதையும் இதே அளவில் செய்தால் 19.4 சென்ரிமீற்றர் வரும், கன்டாமின் தலை அதன் உடலில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதர் 11 அல்லது 12 மில்லிமீற்றர். இந்தக் கணக்கு மனதில் இல்லாவிட்டால், வெட்டுவதும் பூசுவதும் எல்லாம் பொம்மையின் அளவுக்கே ஆகிவிடும். அரை மில்லிமீற்றர் இடைவெளி ஒன்றை அப்படியே விட்டால், உண்மையான இயந்திரத்தில் அது ஏழு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டை, கையை உள்ளே விடலாம். நிறம் உரிந்ததைக் காட்ட ஒரு மில்லிமீற்றர் புள்ளி வைத்தால், அது பதினான்கு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட உரிதல். ஆகவே உரிதல்களைத் தூரிகையால் வைப்பதை விட்டுவிட்டு, பஞ்சுத் துண்டின் நுனியில் நிறத்தைத் தொட்டுத் துடைத்து, மிச்சமிருந்ததை மட்டும் ஒற்றினேன்.

நிறம் பூசுவதில் எங்கள் காலநிலையே முதல் ஆசிரியர், அதுவும் பிரம்பு வைத்திருக்கும் ஆசிரியர். அக்டோபரில் தொடங்கிய வெட்டு வேலை டிசம்பரில் முடிந்ததும், வெளியே மாரி கொட்டிக்கொண்டிருக்க, விறாந்தையில் வைத்து நீல நெஞ்சுக்கு மேல் ஸ்பிரே டின்னால் மங்கல் வார்னிஷ் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் நீலத்தின்மேல் பால் தெளித்தது போல வெண்மை படர்ந்தது. வார்னிஷில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து படலத்துக்குள் சிக்கிவிடுகிறது. அதுவே வெண்மையாகத் தெரிகிறது. இந்த விளக்கத்தை நான் பிறகு படித்தேன். அதற்கு முன்பே, வீட்டுக்குப் பின்னால் டிங்கரிங் கராஜ் வைத்திருக்கும் பெரியவர் நெஞ்சுத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மழக்குணத்துக்க அடிக்காத மனே, பூத்துப் போகும்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். காய்ந்த நாளொன்றில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து மிக மெல்லியதாக ஒரு தடவை விசிறினால் பூத்தது அடங்கும் என்று சொன்னவரும் அவரே. மே மாதத்தில் அப்படியே செய்தேன், பெரும்பாலும் அடங்கியது.

கச்சான் காற்று தொடங்கியதும் எல்லாம் சுலபமாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். ஈரம் போனது உண்மை, ஆனால் தூசி வந்தது; அத்தோடு நீரில் கரையும் அக்ரிலிக் நிறம், தூரிகை நகர்வதற்கு முன்பே காய்ந்து கோடு கோடாக நின்றது. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஓரிரு துளி கலப்பதும், காற்று எழுவதற்கு முன்னர், முற்பகல் பத்து மணிக்குள் பூசி முடித்து மாடலைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றால் மூடி வைப்பதும் எனக்குப் பழக்கமாயின. மாரியில் வெட்டும் தேய்ப்பும், கச்சானில் பூச்சு என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால், ஒரே மாலையில் முடியாத இந்த மாடல் எங்கள் ஊருக்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது.

நிறத் தெரிவைப் பொறுத்தவரை, உடல் வெள்ளை, நெஞ்சு நீலம், வயிறும் பாதமும் கேடயமும் சிவப்பு, நெஞ்சின் காற்றுத்துளைகள் மஞ்சள். தொமினோவின் விருப்பம் வெள்ளை உடல்தான் என்றும், பொம்மை விற்பவர்களின் விருப்பத்துக்காகவே மற்ற நிறங்கள் சேர்ந்தன என்றும் சொல்வார்கள். எனக்கும் வெள்ளைதான் பிடிக்கும். பூசக் கடினமானதும் அதுதான். தனி வெள்ளையைப் பூசினால் குளியலறைத் தொட்டி போலிருக்கும். சாம்பல் அடிப்பூச்சு கொடுத்து, வெள்ளையில் மிகக் கொஞ்சம் சாம்பலும் ஒரு துளி மஞ்சளும் கலந்து, விளிம்புகளில் அடிப்பூச்சு மங்கலாகத் தெரியும்படி நான்கு மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். மஞ்சள் நிறம் சாம்பலை மறைக்கவே மறைக்காது. அதன் கீழே இளஞ்சிவப்பு ஒரு பூச்சுக் கொடுத்தால் இரண்டாம் பூச்சிலேயே மஞ்சள் நிற்கிறது.

இனி, நான் செய்த பெரிய பிழை. கல்லடிப் பக்கம் கடலோரம் நிற்கும் சைக்கிள், கேற், தகரக் கூரை எல்லாம் துருவால் அழுவதைத் தினமும் பார்ப்பவன் என்பதால், முழங்காலிலும் தோளிலும் துரு வழிவதை ஆசை ஆசையாகத் தீட்டினேன். தீட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: கதையில் கன்டாமின் கவசம் லூனா டைட்டானியம் என்ற கலப்புலோகம், டைட்டானியத்தில் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஒரு கற்பனை இயந்திரத்துக்கு இவ்வளவு நியாயம் தேவையா என்று கேட்கலாம். எனக்குத் தேவைப்பட்டது, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் முழுவதையும் துடைத்து எடுத்தேன்.

துருவுக்குப் பதிலாகச் சேற்றை எடுத்துக்கொண்டேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், விதைப்புக்கு முன் வயலில் இறங்கி ஏறிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றின் சில்லைப் பார்த்தால், சேற்றின் இலக்கணம் முழுவதும் அங்கே எழுதியிருக்கும்: நனைந்த இடம் கரும்பழுப்பு, காய்ந்த விளிம்பு வெளிர் சாம்பல், கீழே தடிப்பாக அப்பியது மேலே போகப் போகப் புள்ளிகளாகச் சிதறி ஐதாகிறது. ஆனால் கணக்கு இங்கேயும் வந்து நிற்கும். உழவு வயலின் சேறு 40 சென்ரிமீற்றர் ஆழம் என்று வைத்துக்கொண்டாலும், 1/144இல் அது மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆகவே என் கன்டாமின் சேறு பாதத்தின் விளிம்பைத் தாண்டி மேலே போகவில்லை. உண்மையான வயல் மண்ணைப் பசையோடு குழைத்து முயன்று பார்த்தபோது, மெல்லிய துணியில் சலித்த மண்ணில்கூடத் துகள்கள் கற்பாறைகளாகத் தெரிந்தன. பாடசாலைப் பிள்ளைகளின் பஸ்டல் சுண்ணத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்த தூள்தான் கடைசியில் சரிவந்தது. புத்தகக் கடையில் வாங்கிய எண்ணெய் நிறத்தை டர்பன்டைனில் கரைத்து நனைந்த பகுதிக்குத் தடவினேன்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இதை வாங்க வேண்டாம் என்பேன். பசையும் கூர்மையான கத்தியும் வேண்டும், முடிக்க மாதக்கணக்காகும், முடித்ததும் விளையாடினால் உடையும். விமான மாடல்கள் ஒட்டிப் பழகியவருக்கு இது இரண்டாவது வாரத்திலேயே பிடித்துப்போகும். வெட்டிப் பார்க்கத் துணிவில்லாமல் விலைகூடிய மாடல்களை மூடிய பெட்டியிலேயே வைத்திருப்பவர், ஒன்றுக்கு இரண்டாக இதை வாங்கி, முதலாவதைப் பயமில்லாமல் நாசமாக்கலாம். என்னிடம் இரண்டாவது பெட்டி கடந்த கிழமை வந்தது. அதன் இடுப்பை இந்த மாரியில் வெட்டுவேன். முதலாவதின் கேடயத்தில் உள்ள மஞ்சள் சிலுவைக்கு இளஞ்சிவப்பு அடிப்பூச்சு மட்டும் ஏறியிருக்கிறது. மஞ்சளுக்கு மே மாதம்வரை பொறுக்க வேண்டும்.